உஷார்! ஆளுக்கொரு வேளையில் வரும் ஆபத்து

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து மக்களே, கையில் இருக்கும் வேலையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். அதற்கும் முன்னால் ஒரு வார்த்தை. இதைப் படிக்கிற உங்களுக்கே 'இனி இருந்து என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம் வந்து வந்து போகிறதென்றால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இப்போதே 14416-ஐ அழையுங்கள். காசு கிடையாது, ராத்திரி பகல் கிடையாது, தமிழில் பேசலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் "எனக்குச் சில நாளாத் தூக்கமே இல்லைங்க" என்று ஆரம்பியுங்கள். அது போதும்.

மற்றவர்களுக்கு ஒரு சம்பவத்தை நினைவுபடுத்துகிறேன். 2024 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. திருமுல்லைவாயிலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியிலிருந்து தவறிய கைக்குழந்தை, கீழே இருந்த ஷீட் கூரையின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே சிலர் பெட்ஷீட்டை விரித்துப் பிடித்தபடி நின்றார்கள். ஜன்னல் வழியாக ஏறிய ஒருவர் குழந்தையை எட்டிப் பிடித்தார். பிள்ளை பிழைத்தது. நாடே பார்த்த வீடியோ அது.

அப்பாடா என்று மூச்சு விட்டதோடு நாம் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முகம் தெரியாதவர்களெல்லாம் அந்தத் தாயைப் பொறுப்பில்லாதவள் என்று திட்டித் தீர்த்தார்கள். மூன்றே வாரம். கோவைப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்த அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. மன அழுத்தத்துக்குச் சிகிச்சையில் இருந்தார் என்றும் எழுதினார்கள். ஒரு சாவுக்கு இதுதான் காரணம் என்று யாரும் விரல் நீட்ட முடியாது, நானும் நீட்டவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளை பெற்று ஒரு வருடம்கூட ஆகாத உடம்பு. சிகிச்சையில் இருக்கிற மனது. ஊரே வாயில் போட்டு மெல்லும் பெயர். இத்தனையும் ஒரே ஆள் தலையில், ஒரே மாதத்தில். அந்த வீடியோவை 'பாருங்க இந்த அநியாயத்தை' என்று அனுப்பிய ஒவ்வொரு கைக்கும் அந்த வேளையின் ஆபத்து தெரியாமல் போயிற்று.

நான் கத்திச் சொல்ல நினைப்பது இந்த 'வேளை' பற்றித்தான். பள்ளி விழாவிலும் ரயில் நிலையச் சுவரிலும் 'தற்கொலை தீர்வல்ல' என்று எழுதிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று இருக்கிறோம். வாசகத்தில் குறை இல்லை. ஆனால் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மத்தியானம் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கும் பையனுக்கும், ஆறு லோன் ஆப்புக்குப் பதில் சொல்ல முடியாத வெல்டருக்கும், மனைவி போன பதினேழாம் நாள் காலையில் தானே காபி கலக்கிக்கொள்ளும் பெரியவருக்கும் அந்த ஒரே வாசகம் என்ன செய்துவிடும்? இவர்களுக்கு ஆபத்து வரும் நேரம் வேறு. அதை முதலில் மோப்பம் பிடிக்கக்கூடிய ஆள் வேறு. கேட்க வேண்டிய கேள்வியும் வேறு. எல்லாருக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற டாக்டரிடம் நாம் போவோமா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்கைச் சொல்கிறேன். தற்கொலையால் இறந்தவர்கள் இந்தியா முழுக்க 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். ஒரு நாளைக்கு ஐம்பத்து நான்கு பேர். நீட், தேர்வு என்று செய்தி வந்தால் நமக்கு நெஞ்சு பதறுகிறது. பதறத்தான் வேண்டும், அந்த வருடம் இறந்தவர்களில் மாணவர்கள் 13,044 பேர். ஆனால் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பத்தில் ஏழு பேர் ஆண்கள். இறந்த பெண்களில் பாதிக்கு மேல் இல்லத்தரசிகள். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கேட்டில் காலை ஷிஃப்டுக்கு நுழைகிறவரும், எதிர் பிளாட் பால்கனியில் துணி காயப்போடுகிறவரும் தலைப்புச் செய்தியில் வருவதில்லை. கணக்கில் வருகிறார்கள்.

முதலில் கடன். நம் பக்கத்தில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் நிறையப் பேருக்கு இன்று நிரந்தர வேலை கிடையாது. மேன்பவர் ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்த வேலை. சம்பளம் ஏழாம் தேதியோ பத்தாம் தேதியோ. பைக் இஎம்ஐ ஐந்தாம் தேதி. நடுவில் இருக்கிற அந்த நாலைந்து நாளில்தான் லோன் ஆப் உள்ளே நுழைகிறது. ஐந்தாயிரம் வாங்கினால் கையில் மூவாயிரத்துச் சொச்சம், ஏழாம் நாளே மிரட்டல். நம் போனில் இருக்கும் அத்தனை நம்பரையும் முதலிலேயே உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள்.

எஸ்டேட்டில் ஒரு டீக்கடையில் நான் பார்த்தது. முப்பது வயது இருக்கும், நீலச் சட்டை, விரல் இடுக்கில் கிரீஸ். போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்திருந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பெஞ்சே அதிர்ந்தது. எடுக்கவில்லை. டீயில் ஆடை படிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அவருடைய நண்பரின் போனில் 'டிங்' என்று ஒரு படம் வந்து விழுந்தது. அவர் பார்த்தார், ஒரு கணம் நண்பனைப் பார்த்தார், சத்தமில்லாமல் அழித்துவிட்டுச் சாலையைப் பார்க்க ஆரம்பித்தார். ஆதார் போட்டோவின் மேல் 'திருடன்' என்று எழுதி அனுப்புவார்களே, அந்தப் படம். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று அந்த நண்பர் நினைத்தார். நல்ல மனிதர், ஆனால் ஆபத்தான மரியாதை. யாருடைய படம் போனதோ அவருக்கு என்ன தோன்றும்? எல்லாரும் பார்த்துவிட்டார்கள், எல்லாரும் நம்பிவிட்டார்கள், அதனால்தான் ஒருத்தனும் பேசவில்லை என்று தோன்றும். கடைசியில் டீ மாஸ்டர்தான் கேட்டார். "தம்பி, டீ ஆறிப்போச்சு, வேற போடட்டா? என்னப்பா ஆச்சு?" அவ்வளவுதான், அந்த ஆள் உடைந்து அழுதுவிட்டார்.

ஆகவே உஷார். அப்படி ஒரு படம் உங்கள் போனுக்கு வந்தால் அழித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அடுத்த நிமிடமே அவரைக் கூப்பிடுங்கள். "மச்சி, எனக்கும் வந்துச்சு. டூப்புன்னு எல்லாருக்கும் தெரியும். நீ இப்ப எங்க இருக்கே? அங்கேயே இரு, நான் வர்றேன்." இந்த நாலு வாக்கியம் போதும். 'ஏன்டா வாங்கினே' என்ற விசாரணையை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். நேரில் போனதும் மிரட்டல் மெசேஜையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்தே போன் போடுங்கள். வசூல் ஏஜென்ட் காலை எட்டு மணிக்கு முன்போ இரவு ஏழுக்குப் பின்போ அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. மிரட்டிக் கடன் வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டிருக்கிறது. கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்தே சட்டம் உண்டு. கடனில் முங்கியவருக்கு ஆறுதலைவிட இந்தத் தகவல்தான் மூச்சு. 'தைரியமா இரு' என்பது அவர் காதில் ஏறாது. 'அவனால உன்னை ஒண்ணும் பண்ண முடியாது, வா கம்ப்ளைன்ட் கொடுப்போம்' என்பது ஏறும்.

சீட்டாட்ட ஆப்பும் இதே குடும்பம். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு கொண்டுவந்த விதியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று ஏன் தனியாகச் சொன்னார்கள், யோசித்தீர்களா? வீடு தூங்குகிற அந்த ஐந்து மணி நேரம்தான் ஆள் இழந்ததைப் பிடிக்கப் போய் மீதியையும் இழக்கிற நேரம். அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டையே தடைசெய்தது. திருட்டு ஆப் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் கதவின் அடியில் போன் வெளிச்சம் தெரிந்தால், காலையில் சண்டை போடுவதற்குப் பதில் அப்போதே கதவைத் தட்டுங்கள்.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறேன். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு பற்றி இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய ஐந்து தாய்மாரில் ஒருவருக்கு அது இருப்பது தெரியவந்தது. ஐந்தில் ஒருவர்! நம் அடுக்குமாடியில் இந்த வருடம் எத்தனை தொட்டில் கட்டினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தாய்வீட்டில் இருக்கிற வரை சுற்றிலும் ஆள். திரும்பி வந்ததும் புருஷன் ஷிஃப்டுக்குப் போக, மூடிய கதவுக்குள் அவளும் குழந்தையும். இவளைக் கண்டுபிடிக்க அரசிடம் ஒரு நல்ல வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று தடுப்பூசிக்குக் குழந்தையோடு அவள் கட்டாயம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். குழந்தையை எடை போடுகிறோம், அட்டையில் குறிக்கிறோம். தாய் முகத்தை யார் பார்க்கிறார்கள்? அங்கே இருக்கும் செவிலியர் சகோதரிகளிடம் கையெடுத்துக் கேட்கிறேன், ஒரே ஒரு கேள்வி: "பாப்பா தூங்குறப்ப உனக்குத் தூக்கம் வருதாம்மா?" குழந்தை தூங்கியும் தாய் தூங்க முடியவில்லை என்றால் அது சோம்பலோ செல்லமோ இல்லை, வைத்தியம் வேண்டிய நிலை. "நான் இல்லேன்னா பாப்பா நல்லா இருக்கும்" என்று அவள் வாயில் வந்துவிட்டால் அது அவசர நிலை. அன்றைக்கே டாக்டர், அன்றைக்கே கூட ஓர் ஆள். மாமியார்மாரே, "நாங்க எல்லாம் அஞ்சு பெத்தோம்" என்ற பேச்சைத் தயவுசெய்து ஒரு வருடத்துக்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவையுங்கள்.

அடி வாங்கும் பெண்ணிடம் கேட்பது இன்னொரு விதம். வீட்டில், மாமியார் முன்னால், புருஷன் முன்னால் கேட்கவே கூடாது. "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். கேட்டதற்கும் சேர்த்து ராத்திரி அடி விழும். தண்ணீர் பிடிக்கிற இடம், மாடிப்படி, ஸ்கூல் வாசலில் பிள்ளைக்குக் காத்திருக்கிற கால் மணி நேரம், அங்கே கேளுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள், மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் பெண்கள் விடுதி எத்தனை முளைத்திருக்கிறது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள், வெளிமாவட்டக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். 2021 டிசம்பரில் ஜமீன்கொரட்டூர் விடுதியில் சாப்பாடு விஷமாகி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோழிகள் சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவி, ராத்திரி முழுக்கப் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். யாரும் சாகவில்லை. ஆனால் கூட இருந்தவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நம்பிக்கையான ஓர் ஆள்கூட அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. எனக்கு அதில் உறைத்தது அதுதான். வார்டனிடம் சொன்னால் சூப்பர்வைசருக்குப் போகும், அங்கிருந்து வேலைக்கே வேட்டு, ஊரில் கல்யாணப் பேச்சு என்று பயப்படுகிறவளிடம் நிறுவனம் வைத்திருக்கும் கவுன்சிலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பேச மாட்டாள். அவளுக்கு முதல் ஆள் அறைத்தோழிதான். அறைத்தோழிகளே, உங்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். திடீரென்று சங்கிலியை, புடவையை, பிடித்த பொருளை எடுத்து 'நீயே வெச்சுக்கோ' என்று ஒருத்தி கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போகாதீர்கள். வார்டனுக்குப் பயந்து ரகசியம் காக்கவும் செய்யாதீர்கள். வெளியே இருந்து பேசுகிற 14416 இருக்கிறது, இருவரும் சேர்ந்தே பேசலாம். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் எஸ்டேட்டுக்கு வந்திருக்கும் பையன்களுக்கும் இதே எண்தான். இருபது மொழிகளில் பேசுகிறார்கள். சக ஊழியர் யாராவது அவர்கள் போனில் அதைச் சேமித்துக் கொடுங்கள்.

மாணவர்கள் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒரு விஷயத்தை மட்டும் நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வேளை பார்த்துச் செய்த காரியத்துக்குத் தமிழ்நாடே ஒரு நல்ல உதாரணம். முன்பெல்லாம் ஃபெயில் என்றால் ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும். அந்த ஒரு வருடத்தை நினைத்தே எத்தனையோ பிள்ளைகள் போனார்கள். 2000-களின் தொடக்கத்தில் உடனடி மறுதேர்வு வந்தது. ஓரிரு மாதத்திலேயே மறுபடி எழுதி, கூடப் படித்தவர்களோடேயே அடுத்த வகுப்பில் சேரலாம். 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று போட்டோ போட்டுக் கொண்டாடுவதையும் நிறுத்தினார்கள். அறிவுரை சொல்லாமல் நிலைமையை மாற்றியது இது. வீட்டிலும் அப்படியே செய்யலாம். ரிசல்ட் வருகிற நாளில் அப்பாவோ அம்மாவோ லீவு போட்டுவிட்டு வீட்டில் இருங்கள். சொந்தக்காரர் போன் வந்தால் நீங்கள் எடுங்கள், மார்க் எவ்வளவு என்று பிள்ளையைப் பேசவைக்காதீர்கள். ஆபத்து அன்று மாலையோடு போய்விடுவதும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காலேஜ் அட்மிஷன் கிடைத்த நாள் இரண்டாவது கண்டம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் குரோம்பேட்டையில் நீட் எழுதிய மகன் போன இரண்டே நாளில் அப்பாவும் போனார். தற்கொலையால் ஒருவரை இழந்த வீடே ஆபத்து சூழ்ந்த வீடு. எழவு வீட்டில் 'எப்படி நடந்தது, என்ன எழுதி வைத்திருந்தான்' என்று விசாரிக்கும் வாய்கள் அந்த வீட்டைக் கொல்கின்றன. அங்கே போனால் சோறு கொண்டுபோங்கள். ராத்திரி தங்குங்கள். கேள்வி வேண்டாம்.

ஆவடியில் வாழ்கிறவர்களுக்குக் காக்கி தெரியும். பட்டாலியன், சிஆர்பிஎஃப், படைக்கலத் தொழிற்சாலைகள், 2022-லிருந்து தனிக் கமிஷனரேட். சீருடைக்காரரின் சிக்கல் என்னவென்றால், உதவி கேட்பதே அவருக்கு அவமானம். "மென்டல் லீவு" என்று பெயர் வைத்துவிடுவார்கள். அவர் வாயிலிருந்து 'மனசு சரியில்லை' வராது. 'முதுகு வலி', 'சரக்கு கொஞ்சம் அதிகமாயிடுச்சு', 'ராஜினாமா பண்ணிடலாம்னு பார்க்கிறேன்' என்றுதான் வரும். அதைக் காதில் வாங்க வேண்டியவர் கூடவே டூட்டி பார்க்கிற பேட்ச்மேட். அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒருவர் மேல் மெமோ விழுந்த வாரத்தில், அவர் வீட்டில் பிரச்சினை என்று தெரிந்த வாரத்தில், அவருக்கு ஆயுதம் இல்லாத டூட்டி கொடுங்கள். தண்டனையாகத் தெரியாதபடி கொடுங்கள்.

வயதானவர்கள். எஸ்டேட் கம்பெனிகளிலும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் உழைத்து, கொரட்டூரிலும் பட்டாபிராமிலும் மனை வாங்கி வீடு கட்டிய தலைமுறை. பிள்ளைகள் டல்லாஸிலோ பெங்களூரிலோ. துணை போனபின் பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆள். அன்று மத்தியானம் சாமியானாக்காரர் நாற்காலியை ஏற்றிக்கொண்டு போவார், உறவுகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். பதினேழாம் நாள் அந்த வீட்டில் ஒலிக்கும் ஒரே சத்தம் ஃபேன். நாமெல்லாம் முதல் பதினாறு நாளில் போய்விட்டுக் கடமை முடித்துவிடுகிறோம். போக வேண்டியது பதினேழாம் நாளிலிருந்து. பெரியவர்கள் மிரட்ட மாட்டார்கள், அழ மாட்டார்கள். மாத்திரையை நிறுத்துவார்கள், பேங்க் பாஸ்புக்கை ஒழுங்குபடுத்துவார்கள், "போதும்பா" என்பார்கள். 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். முதுமையில் வரும் மனச்சோர்வும் மருந்துக்குக் கட்டுப்படுகிற நோய்தான். 14567 முதியோருக்கான உதவி எண்.

ஆண் பிள்ளை ஆணை விரும்புகிறான், பெண் பிள்ளை பெண்ணை விரும்புகிறாள், பிறந்த பாலினத்தில் பிள்ளைக்கு ஒட்டவில்லை என்று தெரிந்தால் சாமியாரிடமும் டாக்டரிடமும் இழுத்துக்கொண்டு போய் 'மாற்றிக் கொடுங்கள்' என்று கேட்கும் பெற்றோரே, நீங்கள்தான் அந்தப் பிள்ளையின் ஆபத்து. மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சை கூடாது என்று 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வேண்டிய மருந்து உங்கள் வீட்டு வாசல் திறந்திருப்பது ஒன்றுதான்.

யார் கேட்பது என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒரு முயற்சி நடந்தது. வெளியிலிருந்து ஆள் வராமல், முகாம் மக்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, ஆபத்தில் இருப்பவர்களைத் தவறாமல் போய்ப் பார்க்கவைத்தார்கள். நெருக்கடி வந்தால் யாரைக் கூப்பிடுவது, என்ன செய்வது என்று ஆளுக்கு ஓர் அட்டை எழுதிக் கொடுத்தார்கள். தற்கொலை முயற்சிகள் குறைந்தன. அகதியின் பயம் அகதிக்குத்தான் தெரியும். அப்படியே ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஆட்டோக்காரர், லைனுக்கு லைன் லீடர், அசோசியேஷனுக்கு அந்த பிளாக் பெண்களில் ஒருவர்.

எல்லாருக்கும் பொதுவானது என்று சொல்வதானால் மூன்று விஷயங்கள். நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்று பயப்படாதீர்கள், அது தப்பான நம்பிக்கை. கேட்டவுடன் பாரம் இறங்குகிறவர்கள்தான் அதிகம். அடுத்தது, அந்த எண்ணம் ஓர் அலை, ஏறும், இறங்கும். ஏறுகிற நேரத்தில் ஆபத்தான பொருள் எதுவும் வீட்டில் கைக்கு எட்டக்கூடாது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தபோது, தொண்ணூறுகளின் நடுவில் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டில் ஏறக்குறைய எழுபது சதவீதம் விழுந்தது. நம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பக்கம் விவசாயிகளின் மருந்தைப் பொது அறையில் பூட்டிவைத்துப் பார்த்தார்கள். அங்கும் பலன் தெரிந்தது. கைக்கு எட்டாதபோது பெரும்பாலானவர்கள் வேறு வழி தேடிப் போவதில்லை, பிழைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, போலீஸ் பயம். 'கேஸ் ஆயிடும்' என்று பயந்து, தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாமல், கொண்டுபோனாலும் தவறுதலாக நடந்தது என்று சொல்லி, மனநல டாக்டரைப் பார்க்காமலேயே வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுகிறார்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. முயன்றவரைத் தண்டித்த பழைய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தொகுப்பில் இடம்பெறவே இல்லை. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அண்ணா நகர் மேற்கு விரிவில் ஸ்கார்ஃப் மனநல மையம் இருக்கிறது, நமக்குக் கூப்பிடு தூரம். கூச்சப்படாமல் கூட்டிப்போங்கள்.

ஒரு முறை முயன்று பிழைத்து வந்தவர்தான் எல்லாக் கூட்டத்திலும் அதிக ஆபத்தில் இருப்பவர். அவரை வீட்டில் எல்லாரும் கண்ணாடி டம்ளர் மாதிரி சுற்றிச் சுற்றி நடப்பார்கள், யாரும் பேச மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது, அதில் ஓர் ஊர் நம் சென்னை. 1986-ல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் அதில் பங்கெடுத்தார். முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு கிளம்பும்போது ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ 'எப்படி இருக்கீங்க'. அவ்வளவுதான் வித்தியாசம். 2008-ல் முடிவு வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ஒன்பது தடவை விசாரிக்கப்பட்டவர்களில் 0.2. ஸ்கேன் இல்லை, ஊசி இல்லை, விசாரிப்பு. சினேகாவின் எண் 044-24640050.

அந்த ஒன்பது தடவைக்கும் கணக்கு உண்டு. முதல் வாரம், இரண்டாவது, நாலாவது, ஏழாவது, பதினோராவது வாரம். பிறகு நாலாவது, ஆறாவது, பன்னிரண்டாவது, பதினெட்டாவது மாதம். முதலில் நெருக்கமாக, பிறகு இடைவெளி விட்டு.

எங்கள் தெருவில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்திருக்கிறார். பெயர் வேண்டாம். அவரிடமே சொல்லிவிட்டுத்தான் நான் இதைச் செய்கிறேன். தினசரி காலண்டரில் அந்தந்தத் தேதித் தாளின் ஓரத்தை மடித்து வைத்திருக்கிறேன். மூன்று மடிப்பு கிழிந்தாயிற்று. நாளைக்கு ஏழாவது வாரம். சாயங்காலம் ஆறு மணிக்கு வருவேன் என்று போன் செய்தபோது, அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு கடை மசால் வடை வாங்கி வரச் சொன்னார், சட்னி நிறைய. பதினெட்டாவது மாதத்துத் தாள் இந்தக் காலண்டரில் இல்லை. புது வருடம் பிறந்து புதுக் காலண்டர் மாட்டியதும் அதில் மடிக்க வேண்டும்.